அப்பர் கன்ட்ரோல் ஆர்ம்: உப்பு ரோட்டில் டிரக் ஓட்டுபவர்களுக்கு

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், முன்சக்கரத்தை மேல்பக்கம் பிடித்திருக்கும் இரும்புக் கையான அப்பர் கன்ட்ரோல் ஆர்மை மாற்றினால் வண்டி ஒரு நூல்கூட உயராது. உயரத்தைக் கொடுப்பது ஸ்பிரிங்கும் ஷாக்கும், இல்லையென்றால் அவற்றின் தலையில் வைக்கிற ஸ்பேசர். ஆனாலும் "புது ஆர்ம் போட்டால் எவ்வளவு ஏறும்?" என்று கேட்பவர்கள் குறையவே இல்லை. பளபளவென்று பவுடர் கோட்டிங் போட்டு, சக்கரத்துக்குப் பின்னால் எட்டிப் பார்க்கிற மாதிரி இருப்பதால், டிரக்கை அலங்கரிக்கும் சாமான் என்று நினைத்து வாங்குகிறவர்கள்தான் பாதிப் பேர்.

நான் ஓட்டுவது 2017 டொயோட்டா டகோமா, டிஆர்டி ஆஃப்-ரோடு. இருப்பது மிச்சிகனில், டெட்ராய்ட் பக்கம். இதை இங்கேயே சொல்லக் காரணம் இருக்கிறது, ஏனென்றால் எந்த ஆர்ம் நல்லது என்ற கேள்விக்கு நீங்கள் எந்த ஊரில் இருக்கிறீர்கள் என்பதுதான் பாதிப் பதில். அதை யாருமே கேட்பதில்லை, எடுத்த எடுப்பில் பிராண்டைத்தான் கேட்கிறார்கள்.

இந்த ஆர்ம் என்ன வேலை செய்கிறது என்பதைக் கொஞ்சம் பார்த்துவிடலாம். டகோமா, 4ரன்னர் மாதிரி வண்டிகளில் முன்பக்கம் மேலே ஒரு ஆர்ம், கீழே ஒரு ஆர்ம், இரண்டுக்கும் நடுவே சக்கரத்தைத் தாங்கும் நக்கிள். ஸ்பிரிங்கும் ஷாக்கும் ஒன்றாகச் சேர்ந்த காயில்ஓவர், லோயர் ஆர்மின் மேல்தான் உட்கார்ந்திருக்கிறது. ஆகவே வண்டியின் பாரம் முழுக்க லோயர் ஆர்முக்குப் போகிறது. அப்பர் ஆர்ம் எடையைச் சுமப்பதில்லை, நக்கிளின் தலையைப் பிடித்து வைத்துக்கொண்டு, சக்கரம் ஏறி இறங்கும்போது அது எந்தக் கோணத்தில் நிற்க வேண்டும் என்பதைத் தீர்மானிக்கிறது. கம்பெனி போட்டுத் தருகிற ஆர்ம் தகட்டை அழுத்தி வளைத்துச் செய்த சாதாரண சாமான், பார்க்க ஒன்றும் இருக்காது. ஆனால் கம்பெனி உயரத்தில் அது லட்சம் மைல் ஓடினாலும் சத்தம் போடாது, அந்த மரியாதையை அதற்குக் கொடுக்க வேண்டும்.

லிஃப்ட் பண்ணினால்தான் சிக்கல். வண்டியின் உடம்பு மேலே போகிறது, சக்கரம் தரையிலேயே இருக்கிறது, அதனால் இரண்டு ஆர்ம்களும் கீழ்நோக்கிச் சாய்ந்துவிடுகின்றன. முன்பு பள்ளத்தில் சக்கரம் தொங்கும்போது மட்டும் வந்த கோணம், இப்போது வண்டி சும்மா நிற்கும்போதே பாதி வந்துவிடுகிறது. இனி நிஜமாகவே பள்ளம் வந்து சக்கரம் முழுதாகத் தொங்கினால், ஆர்மையும் நக்கிளையும் இணைக்கும் குண்டு மூட்டான பால் ஜாயின்ட் அதன் எல்லைக்குப் போய் முட்டி நிற்கும். நீளமான ஷாக் போட்டிருந்தால் அப்பர் ஆர்ம் போய் ஸ்பிரிங்கிலேயே இடிக்கும். இடித்ததா என்று தெரிய வேண்டுமானால் சக்கரத்தைக் கழற்றிவிட்டு, ஸ்பிரிங் சுருளின் வெளிப்பக்கத்தை டார்ச் அடித்துப் பாருங்கள். பெயின்ட் உரிந்து, விரல் அகலத்துக்கு இரும்பு வெளுத்துத் தெரிந்தால் இடிக்கிறது என்று அர்த்தம்.

இன்னொரு சிக்கல் காஸ்டர். சைக்கிளின் முன் ஃபோர்க் கொஞ்சம் பின்பக்கம் சாய்ந்திருப்பதால்தான் கையை லேசாக விட்டாலும் நேராகப் போகிறது இல்லையா, அந்தச் சாய்வுதான் காஸ்டர். லிஃப்ட் பண்ணினால் அது குறைகிறது. குறைந்தால் என்ன ஆகும் என்பதை ஐ-75 நெடுஞ்சாலையில் 75 மைல் வேகத்தில், பக்கத்தில் ஒரு பதினெட்டுச் சக்கர லாரி காற்றைத் தள்ளிக்கொண்டு போகும்போது தெரிந்துகொள்ளலாம். வண்டி அலையும். ஸ்டீயரிங்கைத் திருப்பிவிட்டுக் கையைத் தளர்த்தினால் அது தானாக நடுவுக்கு வராமல் சோம்பேறித்தனமாக நிற்கும். அரை மணி நேரம் இப்படி ஓட்டினால் தோள்பட்டை வலிக்கும். மாற்று ஆர்ம் செய்கிறவர்கள் பால் ஜாயின்ட்டைச் சற்றுப் பின்னால் தள்ளி வைத்து, பொதுவாக 2 முதல் 4 டிகிரி வரை காஸ்டரை ஆர்மிலேயே கட்டிக் கொடுக்கிறார்கள். என்னைக் கேட்டால், இந்த ஆர்முக்குக் கொடுக்கிற காசில் முக்கால்வாசி இதற்குத்தான். மலை ஏறாமல் வேலைக்குப் போய்வருகிறவருக்கும் பயன்படுவது இது ஒன்றுதான்.

அப்படியானால் எப்போது வேண்டாம்? ஒன்று, ஒன்றரை அங்குலம் லிஃப்ட் பண்ணி, வீல் அலைன்மென்ட்டில் காஸ்டர் 3 டிகிரிக்குப் பக்கத்தில் வந்துவிட்டது என்றால் பேசாமல் கம்பெனி ஆர்மையே வைத்துக்கொள்ளுங்கள். மிச்சப் பணத்தில் நல்ல டயர் வாங்கலாம். இரண்டு அங்குலத்தைத் தாண்டும்போதுதான் யோசிக்கவே வேண்டும், இரண்டரை, மூன்று என்று போனால் அநேகமாக மாற்றித்தான் ஆக வேண்டும். மூன்றுக்கும் மேலே போகிறவர்களுக்கு ஆர்ம் மட்டும் போதாது. சக்கரத்தைச் சுழற்றும் டிரைவ் ஷாஃப்டின் சிவி ஜாயின்ட் கோணம் தனிக் கதை, அதை எந்த அப்பர் ஆர்மும் சரிசெய்யாது.

சரி, இப்போது விஷயத்துக்கு வருகிறேன். ஆர்மின் வெளி முனையில் என்ன இருக்கிறது? சந்தையில் இரண்டு கட்சி. ஒன்று யூனிபால். ஒரு வளையத்துக்குள் ஒரு துருப்பிடிக்காத எஃகுக் குண்டு, அதற்கு நடுவே போல்ட். எல்லாம் வெளியே தெரியும், ரப்பர் மூடி கிடையாது. இன்னொன்று மூடிய பால் ஜாயின்ட். கம்பெனி ஆர்மில் இருப்பதைப் போலவே, கிரீஸ் நிரம்பிய ஒரு குழிக்குள் குண்டு, மேலே ரப்பர் பூட். ஆனால் கோணம் மட்டும் அதிகம் கொடுக்கிற மாதிரி செய்திருப்பார்கள்.

யூனிபால் எங்கிருந்து வந்தது என்று பார்த்தால் பல விஷயம் புரியும். இந்த ஆர்ம் செய்கிற கம்பெனிகளில் டோட்டல் கேயாஸ் இருப்பது கொரோனா என்ற ஊரில், கேம்பர்க் இருப்பது ஹன்டிங்டன் பீச்சில், ஐகான் இருப்பது ரிவர்சைடில். மூன்றுமே தெற்கு கலிஃபோர்னியா. 1967-இல் மெக்சிகோவில் தொடங்கிய பாஹா 1000 மாதிரி பாலைவனப் பந்தயங்களுக்கு டிரக் செய்து வளர்ந்த மண் அது. பந்தய டிரக்குக்குப் பெரிய கோணம் வேண்டும், முரட்டு வலு வேண்டும், பந்தயம் முடிந்ததும் மெக்கானிக் எல்லாவற்றையும் கழற்றிப் பார்த்துவிடுவார். குண்டு தேய்ந்தால் இன்னொன்று போடுவார்கள். அந்த உலகத்தில் யூனிபாலுக்கு நிகர் இல்லை, அதில் எனக்குச் சந்தேகமே கிடையாது. அங்கே மழையும் குறைவு, பனியை உருக்க ரோட்டில் கொட்டுகிற உப்பும் கிடையாது.

இங்கே கதை வேறு. டெட்ராய்ட் நகரத்துக்கு அடியில், ஆயிரம் அடிக்கும் கீழே, உப்புச் சுரங்கமே இருக்கிறது. ரோட்டில் கொட்டுவதற்கான உப்பு அங்கிருந்தும் வருகிறது. நவம்பரிலிருந்து மார்ச் வரை ரோடு வெள்ளையாகக் கிடக்கும், அந்த உப்புக் கரைசல் டயரிலிருந்து தெறித்து நேராகப் போய் உட்காரும் இடங்களில் ஒன்று, சக்கரத்துக்கு மேலே இருக்கும் இந்த ஜாயின்ட். அப்புறம் பள்ளங்கள். பனி உருகி மறுபடி உறைந்து மறுபடி உருகி, ஏப்ரலில் இங்கே ரோடு என்ற பெயரில் இருப்பதைப் பார்த்தால் ஊரில் ரோட்டைத் திட்டியதற்கெல்லாம் மன்னிப்புக் கேட்கத் தோன்றும்.

என் நண்பர் ஒருவர் யூனிபால் ஆர்ம் போட்டிருந்தார். எந்தக் கம்பெனி என்பது இங்கே முக்கியமில்லை, வடிவமைப்பு அப்படி. இரண்டாவது குளிர்காலம் முடிந்ததும் டிரைவர் பக்கத்தில் டக், டக் என்று சத்தம். வேகத்தடையில் ஏறினால் ஒரு டக், இறங்கினால் ஒரு டக். ஜாக்கியில் தூக்கி, டயரின் மேலேயும் கீழேயும் பிடித்து ஆட்டிப் பார்த்தோம், கையில் நன்றாகவே ஆட்டம் தெரிந்தது. குண்டு என்னவோ துருப்பிடிக்காத எஃகுதான், பளபளவென்றுதான் இருந்தது. ஆனால் அதைச் சுற்றியுள்ள மெல்லிய டெஃப்லான் பட்டை உப்பும் மணலும் புகுந்து அரைபட்டுப் போயிருந்தது. அதைவிடக் கொடுமை, யூனிபாலைக் குழிக்குள் பிடித்து வைத்திருக்கும் ஸ்னாப் ரிங். அது துருவேறி, குழியோடு ஒட்டிப்போய், பிளையரின் முனைகள் நுழைய வேண்டிய இரண்டு சிறு ஓட்டைகளில் ஒன்று இருந்த இடமே தெரியவில்லை. அரை மணி நேரத்தில் முடிய வேண்டிய வேலை சனிக்கிழமை முழுவதையும் சாப்பிட்டது. அதில் கிரீஸ் அடித்துப் பராமரிக்கலாமே என்று தோன்றும். டெஃப்லான் பட்டை உள்ள யூனிபாலுக்கு சாதாரண கிரீஸ் ஆகாது, மணலை இழுத்து ஒட்ட வைத்துக்கொள்ளும். தண்ணீரில் கழுவி, காய விட்டு, உலர் லூப்ரிகன்ட் வேண்டுமானால் அடிக்கலாம். ஜனவரியில் மைனஸ் பத்து டிகிரியில் யார் படுத்துக்கொண்டு அதைச் செய்வது?

ஆகவே உப்புப் போடும் மாநிலத்தில் தினமும் ஓட்டுகிற டிரக்குக்கு மூடிய பால் ஜாயின்ட்தான். இதில் எனக்கு இரண்டாம் கருத்து இல்லை. அரிசோனாவிலோ நெவாடாவிலோ இருக்கிறவர், வார இறுதியில் மணலில் பறக்கிறவர், சத்தத்தைப் பொருட்படுத்தாதவர் என்றால் யூனிபாலைத் தாராளமாக வாங்கலாம். இரண்டுக்கும் நடுவே ஐகானின் டெல்டா ஜாயின்ட் இருக்கிறது. யூனிபால் அளவுக்குக் கோணம், ஆனால் பூட் போட்டு மூடி, கிரீஸ் அடிக்கும் வசதியோடு. யோசனை நல்ல யோசனை. விலையும் அதற்கேற்ற விலை.

ஆர்ம் ஃபிரேமோடு சேரும் உள்முனையில் இருக்கும் புஷ் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ரப்பர் புஷ் சத்தம் போடாது, கவனிக்க வேண்டியதும் இல்லை. பாலியூரித்தேன் கெட்டியாக இருக்கும், ஆனால் கிரீஸ் காய்ந்தால் பழைய கதவு மாதிரி கிறீச்சிடும், அதனால் கிரீஸ் நிப்பிள் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். புஷ்ஷுக்குப் பதில் ஹைம் ஜாயின்ட் (யூனிபால் மாதிரி மூடியில்லாத இரும்பு மூட்டு) வைத்த ஆர்ம் பந்தயத்துக்கு. தினசரி ஓட்டத்துக்கு அது வேண்டாத வேலை.

இனி சொல்லப்போவது வட மாநிலங்களில் இருப்பவர்கள் மட்டும் கவனித்தால் போதும், ஆனால் அவர்களுக்கு இதுதான் எல்லாவற்றையும்விட முக்கியம். டகோமாவிலும் 4ரன்னரிலும் காஸ்டரும் கேம்பரும் (முன்னாலிருந்து பார்த்தால் சக்கரம் உள்ளேயோ வெளியேயோ சாய்ந்திருக்கும் அளவு) சரிசெய்வது லோயர் ஆர்மில் உள்ள கேம் போல்ட்டுகளை வைத்து. பக்கத்துக்கு இரண்டு. போல்ட்டைத் திருப்பினால் லோயர் ஆர்ம் உள்ளேயோ வெளியேயோ நகரும். நாலைந்து வருடம் உப்பில் ஓடிய வண்டியில் அந்த போல்ட் புஷ்ஷின் உள் இரும்புக் குழாயோடு துருவேறி ஒன்றாகிவிடும். ஸ்பேனர் போட்டுத் திருப்பினால் போல்ட் திரும்பாது, புஷ் ரப்பர்தான் முறுக்கிக்கொள்ளும். அலைன்மென்ட் கடைக்காரர் வெளியே வந்து, கையைத் துடைத்துக்கொண்டே "சாரி, கேம் ஜாம் ஆகிவிட்டது, டோ மட்டும்தான் செட் பண்ண முடிந்தது" என்பார். டோ என்றால் மேலிருந்து பார்க்கும்போது சக்கரங்கள் உள்நோக்கியோ வெளிநோக்கியோ திரும்பியிருக்கும் அளவு. அதற்குப் பிறகு ரம்பம் போட்டு அறுத்து, புது போல்ட், புது புஷ், சில சமயம் லோயர் ஆர்மே புதிது என்று பில் எங்கேயோ போய் நிற்கும்.

இப்போது யோசித்துப் பாருங்கள். நிலையான கோணத்தோடு வரும் அப்பர் ஆர்மை வாங்கினால், மிச்சத்தைச் சரிசெய்ய இந்த கேம் போல்ட்டுகளைத்தான் நம்ப வேண்டும். அவை திரும்பவில்லை என்றால், ஆர்ம் கொடுக்கிற கோணம் எதுவோ அதுதான் உங்களுக்கு விதிக்கப்பட்டது. இடதில் ஒன்று, வலதில் ஒன்று என்று வந்தால் வண்டி ஒரு பக்கம் இழுத்துக்கொண்டே போகும். அதனால்தான் நான் எஸ்பிசி ஆர்முக்குப் போனேன். கொலராடோவின் லாங்மான்ட்டில் இருக்கிற கம்பெனி, அலைன்மென்ட் சாமான்கள் செய்வதே அவர்கள் தொழில். அந்த ஆர்மில் பால் ஜாயின்ட் உட்காரும் இடத்தையே மாற்றலாம். மேலே உள்ள பெரிய நட்டைத் தளர்த்தி, ஜாயின்ட்டை வேறு நிலையில் வைத்து, மறுபடி இறுக்க வேண்டும். காஸ்டர் கொஞ்சம், கேம்பர் கொஞ்சம், இரண்டையும் மேலேயே பிடித்துவிடலாம். பார்க்க அழகு என்று சொல்ல மாட்டேன். பக்கத்தில் நிற்கிற கேம்பர்க் குழாய் ஆர்மோடு ஒப்பிட்டால் ஏதோ தொழிற்சாலைச் சாமான் மாதிரிதான் இருக்கும். அந்தப் பெரிய நட்டை அவர்கள் சொன்ன டார்க்கில் (இறுக்கும் விசை அளவு) இறுக்காவிட்டால் ஜாயின்ட் நகரும் என்பதும் உண்மை, அதனால் டார்க் ரெஞ்ச் இல்லாமல் தொடாதீர்கள். நட்டின் மரையில் ஆன்டி-சீஸ் (துருவேறி ஒட்டாமல் காக்கும் பசை) தடவலாமா என்பதை அவர்கள் கொடுத்த தாளைப் பார்த்துச் செய்யுங்கள், தடவினால் டார்க் கணக்கு மாறும்.

வசதியும் வேண்டும், சரிசெய்யும் தொல்லையும் வேண்டாம் என்கிறவர்களுக்கு ஏஆர்பியின் ஓல்ட் மேன் எமு ஆர்ம் நல்ல தேர்வு. மூடிய பால் ஜாயின்ட், அலட்டல் இல்லாத வடிவம். ஆஸ்திரேலியாக்காரர்கள் மாதக்கணக்கில் கரடுமுரடான ரோட்டில் ஓட்டுவதை மனதில் வைத்துச் செய்கிறவர்கள். கேம் போல்ட் இன்னும் திரும்புகிற வண்டி என்றால் நான் இதைத்தான் முதலில் பார்ப்பேன்.

ஜோடி இருநூறு டாலருக்கும் ஆன்லைனில் கிடைக்கிறது, பெயர் தெரியாத கம்பெனி, பெட்டியில் வரும் படம் மட்டும் பிரமாதம். ஒழுங்கான ஆர்ம் ஜோடி ஐந்நூறில் தொடங்கி ஆயிரம் டாலர் வரை போகும். மலிவானதை வாங்கக் கூடாது என்று நான் சொல்லவில்லை, ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: பால் ஜாயின்ட் தேய்ந்தால் அது மட்டும் தனியாகக் கிடைக்குமா? பதில் இல்லை என்றால் மூன்று வருடத்தில் முழு ஆர்மையும் தூக்கிப் போட வேண்டும், அப்போது அது மலிவே இல்லை. வருடத்தையும் பாருங்கள். 2005 முதல் 2023 வரை வந்த டகோமாவின் ஆர்ம் 2024-இல் வந்த புது மாடலுக்குச் சேராது, அடித்தளமே வேறு.

டயர் பற்றி ஒரு வார்த்தை. பெரிய டயர் போடுகிறவர்கள் காஸ்டரை எங்கிருந்து எடுக்கிறோம் என்று கவனிக்க வேண்டும். லோயர் ஆர்மை முன்னால் தள்ளிக் காஸ்டர் எடுத்தால் சக்கரமும் முன்னால் போகும், பின்னால் இருக்கிற பாடி மவுன்ட்டில் (பாடியை ஃபிரேமோடு பிடிக்கும் இடம்) உரசாது. அப்பர் ஆர்மில் பின்னால் இழுத்து எடுத்தால் சக்கரமும் கொஞ்சம் பின்னால் வரும். கம்பெனி டயரைவிட ஒரு அளவு பெரிதாக 265/75ஆர்16 போட்டால் பொதுவாகப் பிரச்சினை வராது. 285/70ஆர்17 போட்டுவிட்டு, ஸ்டீயரிங்கை முழுக்கத் திருப்பி ரிவர்ஸ் எடுக்கும்போது பர்ர் என்று உரசல் கேட்டால், ஆர்மைக் குறை சொல்லாதீர்கள். அந்த அளவுக்குப் பாடி மவுன்ட்டை வெட்டுவது இங்கே ரொம்ப சகஜம்.

மாட்டும் வேலை கடினம் இல்லை, ஆனால் எரிச்சல் தரும். ஆர்மை ஃபிரேமில் பிடித்திருப்பது ஒரே ஒரு நீள போல்ட், இரண்டு புஷ்ஷுக்கும் குறுக்காகப் போகிறது. அதை உருவும்போது என்ஜின் அறையின் பக்கவாட்டுத் தகடு தடுக்கும். எல்லாரும் செய்வது அந்தத் தகட்டின் ஓரத்தைப் பெரிய பிளையரால் கொஞ்சம் வளைத்து வழிவிடுவதுதான். வளைத்த இடத்தில் பெயின்ட் தெறிக்கும், உடனே டச்-அப் தடவிவிடுங்கள், இல்லாவிட்டால் உப்பு அங்கே குடியேறிவிடும். பழைய ஆர்மில் ஏபிஎஸ் ஒயரைப் பிடித்திருக்கிற கிளிப் புது ஆர்மில் இருக்காமல் போகலாம். கேபிள் டை போட்டுக் கட்டும்போது ஸ்டீயரிங்கை இரண்டு பக்கமும் முழுக்கத் திருப்பி, ஒயர் இழுபடுகிறதா என்று பாருங்கள்.

ரப்பர் புஷ் உள்ள ஆர்மாக இருந்தால் அந்த நீள போல்ட்டைக் கடைசியாக இறுக்க வேண்டியது வண்டி தன் சக்கரத்தில் நிற்கும்போது. கடையில் தூக்கி வைத்து, சக்கரம் தொங்கும்போதே இறுக்கிவிட்டால், கீழே இறக்கியதும் ரப்பர் முறுக்கிய நிலையிலேயே வாழ்க்கை நடத்தும், சீக்கிரம் கிழியும். இங்கே ஒரு கடையில் வேலைக்கு விட்டவருக்கு இப்படித்தான் செய்து கொடுத்திருந்தார்கள். ஒரு வருடத்தில் புஷ் வெடித்தது, பழி ஆர்மின் மேல் விழுந்தது. நீங்களே மாட்டவில்லை என்றாலும் "எந்த நிலையில் இறுக்குகிறீர்கள்?" என்று கேட்டு வைக்கலாம். முகம் சுளித்தால் வேறு கடை.

ஊரில் இசுசு வி-கிராஸ் வைத்திருக்கும் நண்பர்கள் கேட்பதால் ஒன்று. முன்பக்க அமைப்பு அதே மாதிரிதான், மேலே சொன்ன அடிப்படை விஷயங்கள் பொருந்தும். ஆனால் இந்தியாவில் மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 52 இருக்கிறது, கம்பெனி கொடுத்த வடிவத்தை மாற்றக் கூடாது என்று 2019-இல் உச்ச நீதிமன்றமும் சொல்லியிருக்கிறது. லிஃப்ட் பண்ணும் முன் ஆர்டிஓ விஷயத்தை விசாரித்துக்கொள்ளுங்கள்.

எல்லாம் மாட்டியாகிவிட்டது, அடுத்தது அலைன்மென்ட். மெஷின் திரையில் எண்கள் பச்சையில் வந்தால் கடைக்காரருக்கு வேலை முடிந்தது. ஆனால் அந்தப் பச்சை கம்பெனி உயரத்துக்கான எல்லை, உங்கள் டிரக்கோ இரண்டரை அங்குலம் மேலே நிற்கிறது, டயரும் பெரிது. 1.5 டிகிரிக் காஸ்டர்கூடப் பச்சையாக வந்துவிடலாம், வண்டி அப்போதும் அலையும். உள்ளே விடும்போதே "காஸ்டர் 3-க்கு மேல் வேண்டும், இரண்டு பக்கமும் கிட்டத்தட்ட சமமாக, கேம்பர் பூஜ்யத்துக்குப் பக்கத்தில்" என்று எழுதிக் கொடுங்கள். வெளியே வரும்போது பிரின்ட் அவுட் வாங்கிக்கொள்ளுங்கள். ஐந்நூறு மைல் ஓடியபின் எல்லா நட்டையும் ஒரு தடவை டார்க் பார்த்து, மார்ச் முடிந்ததும் அடியில் உப்பைக் கழுவிவிட்டு, பூட் கிழியாமல் இருக்கிறதா என்று பார்த்து இரண்டு அமுக்கு கிரீஸ் அடித்தால் போதும். பூட் பலூன் மாதிரி உப்பும் வரை அடிக்காதீர்கள், அது கிழிந்தால் மூடிய ஜாயின்ட் வாங்கியதே வீண்.